அப்பா என்ன சொல்றாரு?

ஜனவரி 6

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்புக்கு இனி காலையிலேயே சிறப்பு வகுப்பு. ஆங்கிலத்தில் யாரும் தொட விரும்பாத பாடம் எதுவோ அதை என் தலையில் கட்டுவது தலைமையாசிரியையின் வழக்கம். இந்த முறை அயற்கூற்று, ரிப்போர்ட்டட் ஸ்பீச். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது. வீட்டிலும் எனக்கு இதே வேலைதான், தனியாகத் தயாரிக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

ஐப்பசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து மாமாவுக்கு வலது பக்கம் அசைவதில்லை. வாய் கோணி, நாக்கு தடித்துவிட்டது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஆயுசெல்லாம் காய்கறி ஏலம் விட்ட மனுஷன். முருங்கைக்காய் ஏலத்தில் அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். இப்போது அவர் பேசுவது இந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் விளங்குகிறது. பெற்ற மகனுக்கு, என் வீட்டுக்காரருக்கு, விளங்கவில்லை. மகளுக்கும் இல்லை. பகலில் பார்த்துக்கொள்ள வருகிற நாச்சம்மா அக்கா, "ஏதோ ஊமத்தங்காய் தின்னாப்பல பேசறாரு" என்கிறார்.

சாயங்காலம் இவர் உரக்கடையிலிருந்து வந்து மாமாவின் அறை வாசலில் நின்றார். உள்ளே போவதில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அப்பா என்ன சொல்றாரு?" என்பார். தினமும் இதுதான். "முதுகு அரிக்குதாம், சொறிஞ்சுவிடச் சொல்றாரு" என்றேன். "சரி, சொறிஞ்சுவிடு" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

ஜனவரி 9

ஏன் எனக்கு மட்டும் விளங்குகிறது என்று நாச்சம்மா அக்கா கேட்டார். யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. இந்த வீட்டில் மருமகள் மாமனார் எதிரில் நின்று பேசக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை கண்மூடும் வரை, எங்கள் இருவருக்கும் நடுவில் அத்தைதான் தபால். நான் டம்ளரோடு எதிரிலேயே நிற்பேன். மாமா அத்தையைப் பார்த்து, "அவள சீனி கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லு" என்பார். அத்தை திரும்பி, "சீனி கம்மியாப் போடுவியாம்" என்பார். நான் அத்தையிடம், "சரின்னு சொல்லுங்கத்தை" என்பேன். மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் இருப்போம்.

பேசாதவளுக்குக் காது அதிகம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை வரும், எங்கே இழுப்பார், எங்கே திட்டுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போது வார்த்தை உடைந்து வந்தாலும் பாதியைப் பிடித்தால் மீதி தானாக வந்துவிடுகிறது. அவருக்குப் பிறந்து கூடவே வளர்ந்தவர்கள் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள், கேட்கவில்லை.

ஜனவரி 12

ஓசூரிலிருந்து நாத்தனார் கோகிலா வீடியோவில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். போனை மாமா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை, கை கடுத்துப் போகிறது.

"அப்பா, சாப்டீங்களா? அப்பா என்ன சொல்றாரு அண்ணி?"

மாமா சொன்னது இது: "கண்ணாடிக்குள்ள மூஞ்சியக் காட்டுறா. நேர்ல வர்றதுக்குக் கால் வலிக்குதாமா?"

நான் சொன்னது இது: "உன்னப் பாக்கணும் போல இருக்காம். முடிஞ்சா ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்றாரு."

கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. தன் பேச்சு எப்படி ஆகி வெளியே போகிறது என்று படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். கோபம் வரும் என்று பயந்தேன். சரியாக இருந்த பாதி முகத்தால் சிரித்தார்.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கியது. பாத்திரம் அடிப்பிடித்தது. இன்னும் ஊறுகிறது.

ஜனவரி 21

பிள்ளைகளுக்கு அயற்கூற்று ஏறவே மாட்டேன் என்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் ஒருவர் பேசியதை அப்படியே வைத்து 'என்று' போட்டால் தீர்ந்தது. 'நாளைக்கு வருகிறேன் என்றார்.' ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டான். மேற்கோள் குறியை எடுத்த கையோடு எல்லாவற்றையும் கலைத்துப்போட வேண்டும். நான் என்பது அவர் ஆகிவிடும். இன்று என்பது அன்று ஆகிவிடும், இங்கே என்பது அங்கே. நிகழ்காலம் ஒரு படி பின்னால் போகும். கேள்விக்குறி இருக்காது. ஆச்சரியக்குறி போய், வருத்தத்தோடு கூவினார் என்று ஒரு வார்த்தை வந்து உட்காரும். சொன்னவரை அவர் நின்ற இடத்திலிருந்து கிளப்பி, சொல்கிறவர் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவருவதுதான் மொத்தப் பாடமும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டீச்சர், அவரு சொன்னது பொய்யா இருந்தா?" என்று கேட்டாள்.

"அதப் பத்தி உனக்கென்ன. சொன்னது யாருன்னு போட்டுட்டீல்ல, பொறுப்பு அவருது."

இப்படிச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பரீட்சைக்கு அது போதும்.

ஜனவரி 26

கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வீட்டுக்கு வந்தால், நாச்சம்மா அக்கா வாசலில் நிற்கிறார். காலைக் கஞ்சி புரையேறி மாமாவுக்கு மூச்சுத் திணறலாம். மூன்று நாளாகவே இருமல். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு இவரிடம் சொன்னார்: "முழுங்குறது சரியா இறங்கல. நுரையீரலுக்குப் போகுது. மூக்கு வழியா குழாய் போட்டு பால், கஞ்சி ஊத்தறது நல்லது. வாயால குடுத்தா ஒவ்வொரு தடவையும் ரிஸ்க்தான். வீட்ல பேசிட்டு வாங்க."

ஊசி போட்டு அனுப்பிவைத்தார்கள். சாயங்காலம் மாமாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். "இந்திராணி" என்றார்.

துண்டு கையிலிருந்து நழுவிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயால் என் பெயரைக் கேட்டதில்லை. எப்போதும் 'அவ', 'அந்தப் புள்ள', 'டீச்சர்'. என்னைப் பார்த்து, எனக்காக, அவர் சொன்ன முதல் பேச்சு இது. அப்படியே எழுதிவைக்கிறேன்: "இந்திராணி, குழாய் வேண்டாம். எங்கண்ணன் மாதிரி கெடக்க முடியாது. ரெண்டு கரண்டின்னாலும் வாயால குடிச்சுட்டே போயிடறேன். நீ சொல்லு."

அவர் அண்ணன் பழனியில் ஒரு வருஷம் குழாயோடு கிடந்தார். பார்த்துவிட்டு வந்த அன்று மாமா சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும், தட்டைக் கழுவியவள் நான்.

"சரி மாமா" என்றேன்.

ஜனவரி 27

இன்று யாரிடமும் சொல்லவில்லை. திருப்புதல் தேர்வுத் தாள் நிறைய இருந்தது. நேரமில்லை.

ஜனவரி 29

நேரமில்லை என்று எழுதியதைப் பார்த்தேன். எனக்கே நான் கதைவிடுகிறேன்.

சொல்ல வாய் வரவில்லை. மாமா குழாய் வேண்டாம் என்கிறார் என்று யார் போய்ச் சொல்வது? மலம் அள்ளுகிறவள், பாதித் தூக்கத்தில் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கிறவள், சம்பளத்தில் பாதியை விடுப்பில் இழந்துகொண்டிருப்பவள். அவர் சீக்கிரம் போனால் யாருக்கு ஆதாயமோ அவள்தான் இந்தச் செய்தியைக் கொண்டுபோக வேண்டும். போன மாதம் கோகிலா தன் அண்ணனிடம் போனில், "அண்ணிக்கு எப்படா முடியும்னுதான் இருக்கும், பாவம்" என்று சொன்னதை நானே கேட்டேன். பாவம் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாள், அது வரைக்கும் நல்லது.

இன்னொன்றும் உண்டு. அவள் சொன்னது பொய்யில்லை. நேற்று ஸ்டாஃப் ரூமில் மேஜையில் தலையைச் சாய்த்தபோது, எல்லாம் முடிந்து நான் ஒரு முழு நாள் தூங்குவதுபோல நினைத்துப்பார்த்தேன். சுகமாக இருந்தது. அந்த மனசை வைத்துக்கொண்டு மாமா சொன்னார் என்று எப்படிச் சொல்வேன்?

நாச்சம்மா அக்கா ஊட்டும்போது மறுபடி புரையேறியதாம்.

பிப்ரவரி 1

தைப்பூசக் கூட்டம். பழனிக்கு நடக்கிறவர்களால் சாலை முழுக்கப் பச்சையாக இருக்கிறது. அதில் மாட்டி, கோகிலாவின் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். குழாய் விஷயம் பேசத்தான் வந்தாள். கூடத்தில் உட்கார்ந்தோம். இவர், "நாளைக்கே போய் போட்டுட்டு வந்துரலாம்" என்றார்.

இதற்கு மேல் தள்ள முடியாது. சொல்லிவிட்டேன். "மாமா குழாய் வேண்டாங்கறாரு. எங்கிட்ட சொன்னாரு. பெரிய மாமா மாதிரி கெடக்க முடியாதாம். வாயால முடிஞ்சத குடிச்சுக்கறேன்னாரு."

இவர் கேட்டார், சத்தம் போடாமல்தான் கேட்டார்: "அப்பா சொன்னாரா, இல்ல நீ சொல்றியா?"

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. "நீங்களே போய்க் கேளுங்க" என்றேன்.

இவர் எழுந்து போனார். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய் இன்றுதான் பார்க்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து மாமாவின் இடது கையைப் பிடித்தார். நானும் கோகிலாவும் பின்னால் நின்றோம். "அப்பா, குழாய் போட்டுக்கலாம்ப்பா" என்று ஆரம்பித்தவர் மேலே பேச முடியாமல் உடைந்துபோனார். ஐம்பது வயசு ஆம்பளை தோள் குலுங்கி அழுகிறார். "எனக்காகப்பா. நான் இன்னும் உங்க பக்கத்துல வந்து உக்காரவே இல்லப்பா."

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு தலையை ஆட்டினார். "சரி" என்றார். எவ்வளவு தெளிவு! யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெளிவு.

கோகிலா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காப்பி போடப் போய்விட்டேன்.

பிப்ரவரி 2

குழாய் போட்டாயிற்று. இழுத்துவிடாமல் இருக்க இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 4

வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 6

மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சிரிஞ்சில் பால் ஊற்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். தலையணையை உயர்த்தி வை, வெதுவெதுப்பாக இருக்கட்டும், அவசரப்படாதே, கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவு. கோகிலா குறிப்பெடுத்துக்கொண்டாள், ஊற்றுவது நான்தான்.

ஐந்து நாளாக எனக்குள் ஒரே எரிச்சல். இந்த மனுஷனுக்கு என்னிடம் ஒரு பேச்சு, மகனிடம் ஒரு பேச்சா? ஒருவேளை அன்றைக்கு அவர் சொல்லவேயில்லையோ, தூக்கமில்லாத மண்டை எனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டதோ என்றுகூடப் போய்விட்டது புத்தி. மத்தியானம் யாரும் இல்லாதபோது கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டேன். என் வாழ்க்கையில் மாமனாரை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"ஏன் மாமா, எங்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு, அவர்கிட்ட சரின்னீங்க? என்னத்தான இப்ப பொய்க்காரியாக்கிட்டீங்க."

குழாய் போட்டதிலிருந்து பேச்சு இன்னும் குழறுகிறது. இரண்டு முறை சொல்லவைத்தேன்.

"அவன் அழுதான்" என்றார். "நான் என்ன பண்ண?"

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு கோகிலா வந்தாள். "அப்பா என்ன சொல்றாரு அண்ணி?"

"கை வலிக்குதாம். கட்ட அவுத்துவிடச் சொல்றாரு."

"குழாயப் புடுங்கிட்டா?"

"புடுங்க மாட்டாரு" என்று அவிழ்த்துவிட்டேன். பிடுங்கவில்லை. மூக்கு அரித்தபோதுகூடக் கை அது வரை போய்விட்டுத் திரும்பியது.

பிப்ரவரி 13

கோகிலா ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது, "அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. அவள் பிடித்திருந்த கட்டைப் பையில் நாலு முருங்கைக்காய் போட்டு அனுப்பினேன்.

இவர் மறுபடி நிலைப்படியில் நிற்க ஆரம்பித்துவிட்டார். அன்று உள்ளே வந்தது அன்றோடு சரி. குழாயைப் பார்க்க முடியவில்லை என்கிறார்.

பிப்ரவரி 20

மாமா பேசுவது குறைந்துவிட்டது. காலையில் ஒரு வார்த்தை, சாயங்காலம் ஒரு வார்த்தை. தண்ணி. வெளிச்சம். போதும். எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. "அப்பா என்ன சொல்றாரு?" என்று இவர் கேட்கும்போது, "ஒண்ணுமில்ல" என்கிறேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறாரோ என்னவோ. முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் திருப்புதலில் அயற்கூற்றுக் கேள்விக்குப் பாதி வகுப்பு சரியாக எழுதியிருக்கிறது. தலைமையாசிரியை பாராட்டினார். நன்றி சொன்னேன்.

மார்ச் 3

காலையில் மாமா போய்விட்டார். நான் பள்ளியில் இருந்தேன்.

மார்ச் 5

துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரும் என்னிடம்தான் வருகிறார்கள். "கடைசியா என்னம்மா சொன்னாரு? ஒனக்குத்தான் புரியுமாமே." கடைசியாக என் காதில் விழுந்தது, முந்தின நாள் சாயங்காலம், "லைட்ட அமத்து." இதைச் சொன்னால் யாருக்கும் திருப்தி வராது. மார்க்கெட்டில் அவரோடு இருந்த பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "உங்களெல்லாம் விசாரிச்சாருங்க" என்றேன். "அப்படியா, என்னையா?" என்று அந்த ஆள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோகிலாவுக்கு, அவள் பிள்ளைகளைக் கேட்டதாகச் சொன்னேன். எனக்கு வாய் வலிக்கிறது.

மார்ச் 19

நேற்றோடு காரியம் முடிந்தது. உறவு எல்லாம் கிளம்பியாயிற்று. மாமாவின் கட்டிலை வாசலில் கழுவி நிறுத்தியிருக்கிறோம். இனி தூங்கலாம். தூக்கம்தான் வரவில்லை.

சாயங்காலம் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து சமையலறை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் ஏதோ சொன்ன" என்றார். "என்னப் பத்தி அப்பா ஏதாச்சும் சொல்லுவாரா?"

அவரைப் பற்றி மாமா சொன்னது ஒன்றே ஒன்றுதான். கதவைச் சாத்திவிட்டு நான் கேட்ட அந்த மத்தியானம் சொன்னது. உலகத்தில் எந்தத் தகப்பனும் மகனைப் பற்றி அதைவிடப் பெரிதாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அதை இவரிடம் எப்படிச் சொல்வேன்? அதைச் சொன்னால், வேண்டாம் என்றுதான் மாமா முதலில் சொன்னார் என்பதும் நிஜமாகிவிடும். தன் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அப்பா குழாயைச் சுமந்தார் என்று தெரிந்துவிடும். நான் பொய்க்காரி இல்லை என்று நிரூபிக்க நல்ல சந்தர்ப்பம். ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன்.

"தினமும் கேப்பாரு" என்றேன்.

"என்னன்னு?"

"நீங்க கடையிலருந்து வந்துட்டீங்களான்னு. சாப்டீங்களான்னு."

மாமா ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கு அந்த மாதிரிப் பேச்சே வராது. இது அவர் மகனுக்கும் தெரியும். சந்தேகம் வரும், கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"எப்படிக் கேப்பாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

எனக்குக் களைப்பாக இருந்தது. ஆனாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாய் கோணுவதற்கு முன்னால் மாமா பேசிய குரலை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அந்தக் குரலை, முடிந்தவரை கொண்டுவந்தேன்.

"தண்டபாணி வந்துட்டானா? சோறு போட்டியா அவனுக்கு?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேற?" என்றார்.